மாரிக்கு முன் ஒரு வீட்டுப் புற்றரை: திருகோணமலை வளவு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியை அண்டி, கடற்கரைக்கு மிக அருகில் உள்ள 20 பேர்ச் வளவு ஒன்றில் நடந்தவை இங்கு பதிவு செய்யப்படுகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியும் அங்கு வசிக்கிறார்கள்; அவர்களுடைய மகள் ரொறன்ரோவில் குடும்பத்துடன் இருக்கிறார். வீட்டின் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 150 சதுர மீற்றர் புற்றரை உண்டு. முன்பக்கத்தில் இருப்பது நாற்றுமேடையில் வாங்கிப் பதித்த அகன்ற இலை மலேசியப் புல். பின்பக்கத்தில் தானாகப் படர்ந்த அறுகை வெட்டி வெட்டிச் சீராக்கியிருக்கிறார்கள்.

2023 ஒக்டோபரில், மகள் தன் வீட்டுப் புல்லைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்யும் முறையைத் தொலைபேசியில் விவரித்தார். இலையுதிர் காலத்தின் முடிவில் நைதரசன் உரம் இடுவது, கடைசித் தடவை புல்லைக் கட்டையாக வெட்டுவது, மண்ணில் துளையிடுவது, நீர்தூவிக் குழாய்களில் உள்ள தண்ணீரை வெளியேற்றுவது ஆகிய நான்கும் அந்த முறையில் அடங்கின. ஆசிரியர் முதல் இரண்டையும் அப்படியே செய்தார். ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில், மழை இறங்கத் தொடங்கிய வேளையில், 2 கிலோ யூரியாவைப் புற்றரை முழுவதும் வீசினார். மாரியில் இயந்திரத்தை இறக்க முடியாது என்று புல்லை ஓரங்குல உயரத்துக்கு வெட்டுவித்தார்.

இரண்டு வாரத்தில் புல் கடும்பச்சையாகத் தழைத்தது. டிசம்பரில் முன்பக்கத்தின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் நாட்கணக்கில் கட்டி நின்றது. வட்டம் வட்டமாகப் பழுப்பு நிறம் விழுந்து, ஓரங்கள் நாளுக்கு நாள் விரிந்தன. 2024 பெப்ரவரியில் முன்பக்கப் புல்லின் மூன்றிலொரு பங்கு அழுகிப்போக, அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொண்டது. அடுத்த மாரிக்கு முன் என்ன செய்யலாம் என்று 2024 ஓகஸ்டில் என்னிடம் ஆலோசனை கேட்கப்பட்டது.

அங்கு சரியானது இங்கு ஏன் கேடு செய்தது

மகள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். ரொறன்ரோவின் வீட்டுப் புற்றரைகளில் பெரும்பாலும் வளர்பவை கென்டக்கி புளூகிராஸ், பெஸ்கியூ, ரைகிராஸ் ஆகிய குளிர்ப்பருவப் புற்கள். இலையுதிர் காலத்தில் அவற்றின் இலை வளர்ச்சி தணிந்துவிடுகிறது. ஆனால் இலை பச்சையாகவே இருந்து உணவு தயாரிக்கிறது, வேரும் குளிர்ந்த மண்ணில் தொடர்ந்து வளர்கிறது. அந்த நேரத்தில் கிடைக்கும் நைதரசன் புதிய இலையாகச் செலவாகாமல், வேரிலும் அடித்தண்டிலும் காபோவைதரேற்றுச் சேமிப்புப் பெருகத் துணையாகிறது. வசந்தத்தில் புல் அந்த இருப்பைக்கொண்டு எழுகிறது. கடைசி வெட்டைக் கட்டையாக வைப்பதற்குக் காரணம், நீண்ட புல் பனியின் கீழ் மடிந்து கிடந்தால் பனிப்பூஞ்சணம் பிடிக்கும் என்பது. குழாயில் தங்கிய தண்ணீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடித்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் குளிர் இருக்கிறது.

திருகோணமலையின் மாரியில் குளிர் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் இந்த ஊரில், அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் விழுகிறது. நவம்பரும் டிசம்பரும் சராசரியில் தலா 300 மில்லிமீற்றரைத் தாண்டுகின்றன. மழை மாதங்களிலும் சராசரி வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால், நமது வெப்பப்பருவப் புற்கள் உறங்குவதில்லை. அவை தொடர்ந்து வளரவே முயல்கின்றன. ஆனால் மேகமூட்டத்தால் வெளிச்சம் குறைந்து, இலையில் தயாராகும் உணவும் குறைந்துவிடுகிறது. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்தால் வேருக்கு மூச்சும் முட்டுகிறது. ஒட்சிசன் நீரினூடாகப் பரவும் வேகம், வளியினூடாகப் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. இந்த நிலையில் யூரியாவை இட்டால், புல் தன் வேரில் இருந்த கொஞ்சச் சேமிப்பையும் செலவழித்து மெல்லிய, நீர் நிறைந்த இலைகளைத் தள்ளுகிறது. இரவும் பகலும் ஈரமாக இருக்கும் அத்தகைய இலைதான் றைசொக்ரோனியா என்னும் பங்கசுக்கு உகந்த இடம். ஓரங்குல வெட்டு இதை இன்னும் மோசமாக்கியது: வெளிச்சம் குறையப்போகும் காலத்தின் தொடக்கத்தில், இருக்கும் வெளிச்சத்தைப் பிடிக்கும் இலைப்பரப்பு அகற்றப்பட்டுவிட்டது.

பின்பக்கத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கும் ஒரு கவலை இருந்தது. மணல் மண்ணில் யூரியா நைத்திரேற்றாக மாறியதும், எதிர் மின்னேற்றமுள்ள அந்த அயனைப் பிடித்துவைக்க மண்ணில் எதுவும் இல்லை; மழையோடு அது நேரே நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடும்பம் குடிக்கும் கிணறு அந்தப் பின்வளவிலேயே இருக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். சதுர மீற்றருக்கு 6 கிராம் நைதரசனை மழை வாசலில் ஒரே தடவையில் இடுவதைப் புல்லின் பொருட்டு மட்டுமல்ல, கிணற்றின் பொருட்டும் தவிர்க்க வேண்டும் என்று ஆசிரியரிடம் வற்புறுத்திச் சொன்னேன்.

ஓகஸ்டில் அவதானித்தவை

கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். முன்பக்கப் புல்லின் ஓரங்கள் கருகியிருந்தன. நாளாந்தம் கிணற்றிலிருந்தே தண்ணீர் விடப்பட்டது. கடலோரக் கிணறுகள் பலவற்றைப் போல அதுவும் கோடையின் கடைசியில் சற்று உவர்த்திருந்தது. இலை நுனி கருகியதற்குக் காற்று பாதி, உப்பு பாதி காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது.

தாழ்ந்த மூலையில் மண்வெட்டியால் ஒரு சதுர அடிக் கட்டியை வெட்டித் தூக்கிப் பார்த்தோம். மேலே இரண்டங்குலம் கறுத்த மேல்மண். அதன் கீழே செந்நிறக் கிரவல், சல்லியும் செங்கல் துண்டும் கலந்து, மண்வெட்டியின் வாய் மடங்கும் அளவுக்கு இறுகியிருந்தது. புல்லின் வேர்கள் அந்த எல்லை வரை இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தன. ஒரு வேர்கூடக் கிரவலுக்குள் நுழைந்திருக்கவில்லை. வீடு கட்டிய காலத்தில் லொறிகள் வந்து திரும்புவதற்காகக் கொட்டி நிரவி இறுக்கிய கிரவல் அது. வேலை முடிந்தபின் அதன் மேலேயே மேல்மண் போட்டுப் புல் பதிக்கப்பட்டிருந்தது. மண் வெட்டிய தோட்டத் தொழிலாளி நிமிர்ந்து, "சேர், இது வளவில்லை, றோட்டு" என்றார். அந்த மூலையின் நோயை அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

கிரவலை உடைத்துக்கொண்டு கீழே போனபோது, பத்தங்குல ஆழத்தில் பழைய கடற்கரை மணல் தொடங்கியது. இது முக்கியமான கண்டுபிடிப்பு. தண்ணீர் உறிஞ்சக்கூடிய மண் இல்லாமல் போகவில்லை. அதற்கும் புல்லுக்கும் இடையில் ஒரு மூடி இருந்தது. ஓரடி ஆழத்தில் இரண்டு குழிகள் வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்ததில் (முன்பக்கக் குழி கிரவலுக்குள்ளேயே முடியும்படி தடிப்பான இடத்தில் வெட்டப்பட்டது), பின்பக்க மணலில் சில நிமிடங்களில் தண்ணீர் இறங்கிவிட்டது. முன்பக்கத்தில் மறுநாள் காலையிலும் பாதிக் குழி நிரம்பியிருந்தது.

மற்றொரு காரணத்தை ஆசிரியரின் மனைவி காட்டினார். எந்த இடத்தில் தண்ணீர் முதலில் சேர்கிறது, எங்கு கடைசியில் வற்றுகிறது என்பதை முந்தைய மாரி முழுவதும் அவர் யன்னலிலிருந்து கவனித்து நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். கூரைப் பீலியின் இறங்குகுழாய் ஒன்று நேரே அந்த மூலையில்தான் விழுந்தது. அந்தப் பீலிக்கு வரும் கூரைப் பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் குழாயால் மட்டும் 6,000 லீற்றர் தண்ணீர் அந்த மூலைக்கு வரும். இப்படி ஒரு நாட்காட்டி பல மண் பரிசோதனைகளுக்குச் சமம். ஆலோசனை கேட்கும் எவரும் அதை வைத்திருந்தால் வேலை பாதியாகும்.

மூலைக்கு மேலே ஒரு மாமரம் நிழல் விரித்திருந்தது. கோரைக் கிழங்குகள் மேல்மண் முழுவதும் பரவியிருந்தன.

முடிவுகளும் காரணங்களும்

முதலில் எழுந்த யோசனை, முன்பக்கம் முழுவதிலும் இரண்டங்குலம் மணல் போட்டு உயர்த்துவது. செலவு குறைவு, பார்வைக்கும் உடனே அழகு. அது ஏற்கப்படவில்லை. இறுகிய படைக்கு மேலே மணலைப் போட்டால், தண்ணீர் மணலுக்குள் விரைவாக இறங்கி, கிரவலின் மேல் வந்து நின்றுவிடும். மேலே காய்ந்ததுபோல் தெரிய, வேர் நீரிலேயே இருக்கும். கிரவல் முழுவதையும் அள்ளி அகற்றுவது சிறந்த தீர்வு. ஆனால் அதற்கான செலவு குடும்பத்தின் கைக்கு மீறியது.

எனவே தாழ்ந்த மூலையில் மட்டும், கிரவலை ஊடறுத்துக் கீழுள்ள மணலைத் தொடும்வரை அலவாங்கால் துளைகளிட்டு, அவற்றைப் பரும்படியான ஆற்று மணலால் நிரப்புவது என்று முடிவாயிற்று. துளைகளுக்கிடையே ஒன்றரை அடி இடைவெளி. கடற்கரை மணல் இதற்கு ஆகாது என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமிருக்கவில்லை: அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கின்றன, அதை அள்ளுவதும் சட்டத்துக்கு மாறானது. புற்றரையின் மீதிப் பகுதிகளில் தோட்ட முள்ளால் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்குக் குத்தி, சலித்த கூட்டெருவும் ஆற்று மணலும் கலந்து மெல்லியதாகத் தூவுவது போதுமென்று கருதப்பட்டது.

காலம் குறித்து நீண்ட நேரம் பேசினோம். துளையிடுவது வேரை வெட்டும் வேலை. புல் வளர்ந்துகொண்டிருக்கும்போது செய்தால்தான் காயம் ஆறும். ரொறன்ரோவில் செப்டெம்பரில் துளையிடுவதன் நியாயமும் இதுவே, அங்கு அப்போது புல் நன்றாக வளர்கிறது. இங்கு மழை தொடங்குவதற்கு நான்கைந்து வாரம் முன், கிணற்று நீர் கொடுத்துக்கொண்டே செய்ய வேண்டும். செப்டெம்பர் முதல் வாரம் தெரிவு செய்யப்பட்டது.

உரத்தில் இரண்டு முடிவுகள். கடைசி நைதரசன் செப்டெம்பர் நடுப்பகுதியோடு நிறுத்தப்பட வேண்டும், அதுவும் சிறிய அளவில்: முழுப் புற்றரைக்கும் 800 கிராம் யூரியா, அதாவது சதுர மீற்றருக்கு 2.5 கிராமளவில் நைதரசன், துளையிட்ட காயம் ஆறுவதற்கு மட்டும். அதன்பின் பெப்ரவரி வரை யூரியா இல்லை. கலச்சுவரைத் தடிக்கச் செய்து நோயைத் தாங்க உதவும் பொற்றாசியத்தைக் கொடுக்க எம்.ஓ.பி. உரம் 1.25 கிலோ கணக்கிடப்பட்டது. ஆனால் எம்.ஓ.பி. என்பது பொற்றாசியம் குளோரைட்டு, அதுவும் ஓர் உப்பு. உவர் நீரால் ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைக் கோடையிலேயே இடுவது தகாது. ஒக்டோபரின் முதல் நல்ல மழை அந்த உப்பைக் கழுவி இறக்கிய பின், இரண்டு தடவையாகப் பிரித்து இடுவது என்று தீர்மானித்தோம்.

வெட்டும் உயரம் இரண்டங்குலமாக உயர்த்தப்பட்டது. ஒரு தடவையில் உயரத்தின் மூன்றிலொன்றுக்கு மேல் வெட்டுவதில்லை என்றும், இலை ஈரமாக இருக்கையில் இயந்திரத்தை இறக்குவதில்லை என்றும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மாமரத்தில்தான் கருத்து வேறுபாடு வந்தது. வெளிச்சத்துக்காக நன்றாகக் கவ்வாத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆலோசனை. செப்டெம்பரில் கிளை வெட்டினால் வரும் பருவத்தில் பூ குறையும் என்று ஆசிரியரின் மனைவி மறுத்தார். அவருடைய அச்சம் நியாயமானது. நிலத்தை நோக்கித் தாழ்ந்த கிளைகள் மட்டும் அகற்றப்பட்டன.

நடந்த வேலை

வேலை தொடங்குமுன் மாலையில் மூலை முழுவதும் தண்ணீர் விட்டு ஊறவைக்கப்பட்டது. அப்படியிருந்தும் அலவாங்குத் துளைகள் இரண்டு தொழிலாளருக்கு மூன்று நாள் எடுத்தன. துளை மணலைத் தொடும் கணத்தைக் கையே அறியும்: அதுவரை திருப்பி அடித்துக்கொண்டிருந்த அலவாங்கு சட்டென்று ஒரு சாண் உள்ளே இறங்கிவிடும். அந்த இறக்கம் கிடைக்காத துளைகளை நிரப்பவிடவில்லை.

பீலியின் இறங்குகுழாய் நாலங்குல பி.வி.சி. குழாயால் நீட்டப்பட்டு, வளவை விடத் தாழ்ந்திருந்த வீதிக் கானுக்குத் திருப்பப்பட்டது. மதிலோரமாக ஓரடி அகலத்தில், நாலங்குல ஆழத்தில், புல்லால் மூடிய மெல்லிய வாய்க்கால் ஒன்று இழுக்கப்பட்டது. அதன் சரிவை மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் அளந்து, எட்டடிக்கு ஓரங்குலம் வீழ்ச்சி கொடுத்தோம். அந்த வாய்க்காலின் ஒரு கிளை, பின்வளவில் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டிய உறிஞ்சு குழிக்கும் விடப்பட்டது. பீலிகளில் கிடந்த மாவிலையும் வேப்பஞ்சருகும் அள்ளப்பட்டன. புல்லில் ஓரிரு நாள் நிற்கும் தண்ணீரை விட, அடைத்த பீலியில் வாரக்கணக்கில் நிற்கும் தண்ணீரே டெங்கு நுளம்புக்கு வசதி என்பதால், இந்த வேலையைப் புல்லுக்கான வேலையாக மட்டும் நான் கருதவில்லை.

கோரையை ஒக்டோபரின் முதல் மழைக்குப் பின், மண் இளகி முளை வெளிவந்த நேரத்தில், கிழங்கோடு தோண்டி எடுத்தார்கள். காய்ந்த மண்ணில் இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். மழைக்குப்பின் பல வாரம் விட்டுவைத்தால் புதிய கிழங்குகள் உருவாகிவிடும்.

நவம்பர் இறுதி மழை

2024 நவம்பர் கடைசி வாரத்தில், பின்னர் பெங்கல் புயலாகி 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகில் கரைகடந்த ஆழ்ந்த தாழமுக்கம், திருகோணமலைக் கரையை அண்டி மெல்ல நகர்ந்தது. பல நாட்கள் கனமழை இடைவிடாமல் பெய்தது. இதைவிடக் கடுமையான சோதனையை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது.

மழை பெய்துகொண்டிருக்கையில் முன்பக்க மூலையில் தண்ணீர் நிற்கவே செய்தது. ஆனால் மழை விட்ட இரவு கழிந்து விடிந்தபோது, தண்ணீர் மூலையின் மிகத் தாழ்ந்த பள்ளத்தில் மட்டும் ஒரு பாயளவுக்குச் சுருங்கியிருந்தது. முந்தைய மாரியில் இதே இடம் வற்றுவதற்கு நாலைந்து நாள் பிடித்ததை நாட்காட்டி காட்டியது. கூரைத் தண்ணீரை வேறு வழியில் அனுப்பியதே இதில் பெரும்பங்கு வகித்தது என்பது என் கணிப்பு. துளைகளின் பங்கு அதற்கு அடுத்தது.

உறிஞ்சு குழி எதிர்பார்த்தபடி உதவவில்லை. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மழையின் இரண்டாம் நாளே குழி கீழிருந்து நிரம்பிவிட்டது. கடலோர மணலில் மாரியின் நடுவில் உறிஞ்சு குழி என்பது ஏற்கெனவே நிறைந்த பாத்திரம்; மேற்பரப்பால் வழிந்தோடும் பாதைதான் அப்போது வேலை செய்கிறது. அலவாங்குத் துளைகளும் அந்த நாட்களில் மெதுவாகவே வடிந்தன. நீர்மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றின் பயன் தெரிந்தது.

எதிர்பாராத சேதம் ஒன்றும் நடந்தது. வெள்ளத்துக்கு ஒதுங்க மேட்டிடம் தேடிய கட்டாக்காலி மாடுகள், ஓரிரவு சாத்தாமல் கிடந்த படலை வழியாக உள்ளே வந்து முன்பக்கத்தில் நின்றிருந்தன. ஊறிய மண்ணில் குளம்புகள் மூன்றங்குலம் வரை புதைந்து, ஒவ்வொரு தடமும் தண்ணீர் நிறைந்த சிறு கிண்ணமாகியிருந்தது; அடியில் மண் பிசைந்து மெழுகினாற்போல் இறுகியிருந்தது. ஆசிரியர் உடனே மண் கொட்டி மூட விரும்பினார். ஈரத்தில் மேலும் மிதித்தால் சேதம் பரவும் என்பதால், ஜனவரி வரை யாரும் அங்கு கால்வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கயிறு கட்டி வைத்தார்.

2025 பெப்ரவரியில் நிலை

டிசம்பரில் ஒரே ஒரு பங்கசு வட்டம், மாமரத்தடியில், தோன்றியது. மருந்து அடிக்கப்படவில்லை, அந்த இடத்துச் சருகுகள் அகற்றப்பட்டன, வெயில் திரும்பியதும் அது பரவாமல் நின்றது. முன்பக்கப் புல்லில் இரண்டு வெறுமைகள் மிஞ்சின: மாமரத்தடி, மாடுகள் நின்ற இடம். கோரை முற்றாக ஒழியவில்லை, ஆனால் முந்தைய ஆண்டைப்போல் பரப்பைப் பிடிக்கவில்லை. பின்பக்க அறுகு சற்று வெளிறியிருந்தது. பெப்ரவரி நடுவில் சிறிதளவு யூரியா இட்டதும் தேறியது. மூலையில் மறுபடி ஒரு கட்டி வெட்டிப் பார்த்தபோது, மணல் நிரப்பிய துளை ஒன்றினூடாக வெண்ணிற வேர்கள் ஒரு கட்டாகக் கிரவலைத் தாண்டிக் கீழ் மணலுக்குள் இறங்கியிருந்தன. வரும் கச்சானிலும் அந்த மூலை கருகாமல் தாங்குமென்று நம்ப இது இடம் தருகிறது.

அடுத்த மாரிக்கு மாற்றவுள்ளவை

உறிஞ்சு குழியை நம்பும் ஏற்பாடு கைவிடப்படுகிறது. மதிலோர வாய்க்கால் முழுவதும் வீதிக் கானை நோக்கியே சரிக்கப்படும். அதோடு, கானின் வாயை ஒக்டோபர் முதலாம் வாரத்திலேயே துப்புரவாக்குவது வீட்டாரின் வேலையாகக் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. பக்கத்து வளவுக்குள் தண்ணீரைத் தள்ளும் எந்தச் சரிவும் கொடுக்கப்படாது.

மாமரத்தின் கவ்வாத்து, அறுவடை முடிந்த கையோடு யூலையிலேயே நடக்கும்; அப்படிச் செய்தால் புதுத் தளிர் முற்றிப் பூப்பதற்கு அவகாசம் இருக்கும், ஆசிரியரின் மனைவியின் கவலையும் தீரும். மரத்தின் அடியோடு ஒட்டிய பகுதியில் புல்லை மீண்டும் நடுவதில்லை. அங்கு சருகை அள்ளாமல் மூடாக்காகவே விட்டுவிட முடிவாகியுள்ளது. அலவாங்குத் துளைகள் வாசற்படி வரை நீட்டப்படும், மாடுகள் நின்ற இடமும் அதில் அடங்கும். படலைக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் பாரக்கல் ஒன்று கட்டப்பட்டுவிட்டது.

எம்.ஓ.பி. இடும் நாளை மாதத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், கிணற்றுத் தண்ணீரின் உவர் குறைந்ததை நாவில் வைத்துப் பார்த்து, குறைந்தது ஒரு முழுநாள் மழை பெய்த பிறகே இடுவதென்று ஆசிரியர் தம் நாட்காட்டியின் செப்டெம்பர்ப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.